விளக்கு வைத்தபின் பன்னிரண்டாம் தேதி

1

இந்தக் கதை என் கையெழுத்திலிருந்து பிறந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நான் நீல மையில் எழுதிய நோட்டுப் பக்கம், சென்னையில் ஏதோ ஒரு மாடியில் இருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி வரை போய், மூலையில் வட்ட முத்திரை வாங்கிக்கொண்டு, ‘இணைப்பு 4’ என்ற பெயரோடு திரும்பி வந்தது. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன் எழுதியதை யாரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. படித்துவிட்டுத்தான், ஆதிநாராயணனின் கைக்கு ஆன வைத்தியச் செலவைத் தர மாட்டோம் என்று சொன்னார்கள்.

என் பெயர் கோபால். மீன் பெட்டி ஏற்றுகிறவன், ஐஸ் உடைக்கிறவன், ஆள் குறைந்த படகில் கூலிக்கு வலை இழுக்கிறவன். இது என் முதல் கதை. வேலை முடிந்து வந்து எழுதுவதால் சில வாக்கியங்கள் பாதியில் தூங்கிவிடும். எழுப்ப வேண்டாம்.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘ஏரியின் மேற்கே பரிதி தன் பொற்கிரணங்களை—’

அடித்துவிட்டேன். நாற்பது வருஷமாக அந்த வெயிலில் முதுகு காய்ந்தவன் நான். அதில் குன்றிமணிப் பொன் கண்டதில்லை.

இரண்டாவது: ‘அன்று பிப்ரவரி பதினொன்றாம் தேதி.’

இதையும் அடித்துவிட்டேன். அன்று பதினொன்றா பன்னிரண்டா என்பதுதான் வழக்கே. முதல் வரியிலேயே நான் கம்பெனி பக்கம் சேர்ந்துவிட்டால், ஆதிநாராயணன் பெண்சாதி கோமளா என்னை வாசலில் ஏற்ற மாட்டாள்.

மூன்றாவது தொடக்கம் நின்றது. அது மூன்றாம் பகுதியில் வருகிறது. (தொடக்கம் ஏன் மூன்றாம் பகுதியில் வருகிறது என்று கேட்கிறவர்கள் சிக்குப் பிடித்த வலையைப் பிரித்துப் பார்க்காதவர்கள்.)

2

அதற்கு முன்னால் பாடு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும்.

ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் இறாலைவிடச் சண்டைதான் அதிகம் மாட்டும். அதனால் குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்கு வைத்து, பெயர் எழுதிய சீட்டைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, இன்ன இடம் இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைதான் பாடு. அடுத்தவன் பாட்டில் வலை கட்டினால் அபராதம் உண்டு. அபராதம்கூடப் பெரிதில்லை. ஒரு சுற்று முழுக்க அவன் சீட்டு குடத்தில் விழாது. ஏரி அங்கேயே இருக்கும், அவன் கரையில் நிற்பான்.

இந்தப் பாடு முறையை எழுதுகிற நோட்டு என் கையில் இருக்கிறது. எனக்குப் பாடு கிடையாது. வேற்றூரிலிருந்து வந்து இங்கே பெண் கட்டியவன், ஊருக்கே மச்சான். பாடு இல்லாதவன் கையில் நோட்டு இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று, நான் எழுதப் பழகிய அடுத்த வருஷமே கொடுத்துவிட்டார்கள். (காலேஜ் படித்த பிள்ளைகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். விடிந்தால் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் பொன்னேரி ரயிலுக்கும் போய்விடுகிறார்கள்.) கோடு போட்டு, இடது பக்கம் பெயர், வலது பக்கம் காலண்டரைப் பார்த்துத் தேதி. அடித்தல் திருத்தல் கிடையாது. அந்த நோட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒருமுறை கையைக் கழுவிக்கொள்வேன்.

ஆனால் ஒரு வரியை நான் எழுதவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு நாளின் பாடு, முதல்நாள் சாயங்காலம் விளக்கு வைக்கும்போதே தொடங்கிவிடும். மறுநாள் விளக்கு வைக்கும்போது முடியும். பன்னிரண்டாம் தேதிக்காரன், உங்கள் காலண்டரில் பதினொன்றாம் தேதித் தாள் கிழிபடுவதற்கு முன்பே வலையோடு போய்விடுவான். இது இங்கே தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். அதனால் எழுதவில்லை. ஏரித் தண்ணீர் கரிக்கும் என்றும்தான் எழுதவில்லை.

* இது அடிக்குறிப்பாக வர வேண்டியது: பாடு முடிந்தவன் தன் வலையை அவிழ்த்து, வலை கட்டிய கழிகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, ஒரே ஒரு கழியை மட்டும் நட்டபடி விட்டுவைப்பான். அந்தக் கடைசிக் கழியை, அடுத்து வருகிறவன்தான் பிடுங்கி, பாடு முடிந்து போகிறவன் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த நிமிஷம் பாடு கைமாறுகிறது. அடியில் போட்டால் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள் என்று பயந்து மேலே ஏற்றிவிட்டேன். கதையே இந்தக் கழியில்தான் மாட்டியிருக்கிறது.

3

கோமளா பொன்னேரி ஆஸ்பத்திரியின் படியில் புருஷனுடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கைப்பக்கம் தோள் வரை கத்தரித்திருந்தார்கள். தைத்துவிடலாம் என்று நினைத்தாள். கையைப் பற்றி நினைக்க வராததால் சட்டையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். சாயங்காலம் ஆறு நாற்பது. பூவரசன் தன் பாட்டை முடித்துக்கொண்டு புறப்படுகிறான். ஆதிநாராயணன் வந்து சேர்கிறான். இரண்டும் ஃபைபர் படகு. திடீரென்று அடித்த கிழக்குக் காற்று இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று தள்ளியது. நடுவில் ஆதிநாராயணனின் வலது கை. பூவரசன் தன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றி, அவனைத் தன் படகில் ஏற்றி, கரைக்கு வந்து, ஆட்டோ பிடித்து, ஏழு ஐம்பதுக்குப் பொன்னேரியில் சேர்த்தான். கவுண்டரில் ஒரு பெண் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, காட்டிய இடத்தில் ஈரக் கையால் கையெழுத்தும் போட்டான். கோமளா அடுத்த ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது அவன் படியில் நின்று தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காசுக்கு அன்று யாரும் பயப்படவில்லை. மீனவர் சங்கத்தில் வருஷா வருஷம் போட்டுக்கொள்கிற விபத்துக் காப்பீடு இருந்தது. தொழிலில் அடிபட்டால் போதும். உன் தப்பா, எதிர்ப் படகின் தப்பா, காற்றின் தப்பா என்று கேட்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி வைத்தியம் பார்த்துவிட்டுக் கம்பெனியிடம் நேராக வாங்கிக்கொள்ளும். எலும்புக்கு ஒரு ஆபரேஷன் முடிந்தது. இன்னொன்று பாக்கி. அது நடந்தால்தான் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கும் என்றார் டாக்டர். மடங்கினால்தான் கழி பிடிக்கலாம்.

கம்பெனி முதல் செலவைக் கொடுத்ததும் இரண்டாவதற்குத் தேதி போடுவதாக ஆஸ்பத்திரி சொன்னது.

4

கம்பெனியிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். யாரும் அவரை என்னிடம் அனுப்பவில்லை. நானேதான் வலியப் போய், எங்களிடம் எல்லாம் எழுத்தில் இருக்கிறது சார் என்று நோட்டைக் காட்டினேன். காற்றில் பக்கம் புரளாமல் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டேன், அவர் செல்லில் போட்டோ எடுத்தார். “கையெழுத்து நல்லா இருக்குங்க” என்றார். வீட்டில் இதை மூன்று தடவை சொன்னேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. ‘இணைப்பு 4-இன்படி, பதினொன்றாம் தேதி மேற்படி இடம் பூவரசன் என்பவருக்கு உரியது. எனவே காப்பீடு பெற்றவர் தமக்கு உரிமையில்லாத இடத்தில் முறைகேடாகத் தொழில் செய்கையில் காயமுற்றார். எனவே—’

(இரண்டாவது ‘எனவே’க்குப் பிறகு என்னால் வாசிக்க முடியவில்லை. கோமளாதான், “படி அண்ணே, நீ எழுதனது தான” என்றாள். அவள் குத்திச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் குத்துகிறது.)

ஆஸ்பத்திரி பதில் எழுதியது: இது தப்பு யாருடையது என்று பார்க்காத காப்பீடு, அவர் யார் இடத்தில் இருந்தால் உங்களுக்கென்ன? கம்பெனி எழுதியது: தப்பு வேறு, முறைகேடு வேறு. ஆஸ்பத்திரி எழுதியது: வைத்தியம் பார்த்தது கைக்கு, முறைக்கு அல்ல. ஒவ்வொன்றின் நகலும் ஆதிநாராயணன் பெயருக்கு வந்தது. இரண்டு பெரிய இடங்கள் அவன் கையைப் பற்றி மூன்று மாதம் சண்டை போட்டன. கை அவன் வீட்டில் கட்டோடு கிடந்தது.

ஒரு நாள் கோமளாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிற பெண் தேவதர்ஷினி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நல்ல சேதிம்மா. கம்பெனி எறங்கி வந்துட்டாங்க. உங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

காகிதத்தை அவளே வாசித்தாள்: ‘எனது முறை அல்லாத நாளில், அறியாமல், பூவரசன் அவர்களின் இடத்தில் வலை கட்டச் சென்றேன்.’

கோமளா காகிதத்தைப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாதவள்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தெரியாம செஞ்ச தப்புன்னு எழுதிட்டா முறைகேடுங்கற வார்த்தை போயிடும்” என்றாள் தேவதர்ஷினி. “இது தப்பையே பாக்காத பாலிசிம்மா. எங்க பில்லு முடிஞ்சுடும். அடுத்த வாரமே ஆபரேஷன் வெச்சிக்கலாம்.”

“தப்பப் பாக்கவே மாட்டாங்களா?”

“பாக்கவே மாட்டாங்க.”

“அப்பறம் இன்னாத்துக்கும்மா தப்புன்னு எழுதித் தரச் சொல்ற?”

தேவதர்ஷினி பதில் சொல்ல வாயைத் திறந்து, பேனாவை மூடினாள்.

அன்று சாயங்காலம் பூவரசன் வந்து, வாசலில் குந்திக்கொண்டு கெஞ்சினான். “போட்டுடுண்ணே. எடம் என்துன்னு தான சொல்றாங்க, நானே கேக்கல. ஊருக்குத் தெரியாதா நீ யாருன்னு?”

“எந்தக் கைல போடறது?” என்றான் ஆதிநாராயணன், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி. “இது வராது. எடது கைல போட்டா அது என் கையெழுத்தே இல்ல.”

“வெளையாடாத. வெரலு மடங்கலன்னா?”

“மடங்கலன்னா தெனம் வந்து சோறு ஊட்டி உடு. உன் படகுதான இடிச்சிது.”

பூவரசன் சிரித்துவிட்டு உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோமளா சிரிக்கவில்லை. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களுக்காக எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது அவளுக்கு.

“ஊருக்குத் தெரியும்” என்றாள் பிறகு. “ஊரு வாயில கீது. அவங்களுது பேப்பர்ல கீது. நம்ம தல சாஞ்ச அப்பால ஊரு பேசாது, பேப்பர்தான் பேசும். ஆதிநாராயணன் அடுத்தவன் பாட்டுல எறங்குனவன்னு பேசும். காலண்டர் பாத்துதான் எங்க பாடுன்னு நாமளே எழுதிக் குடுத்தமாதிரியும் ஆவும். நாளைக்கு எவனா வந்து ஏரில உங்களுக்கு இன்னா முறை கீதுன்னு கேட்டா?”

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் தகர டப்பாவின் அடியில் கையெழுத்தில்லாமல் படபடத்தது.

5

இதுவரை எழுதியதைக் கோமளாவுக்குப் படித்துக் காட்டினேன். நெத்திலி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

“படியில குந்தினு அழுதேன்னு எழுதலியா?”

“எழுதல.”

“அழுதனே.”

“எழுதட்டுமா?”

“வேணாம்.”

(வேண்டாம் என்று அவள் சொன்னதை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.)

அப்புறம் கம்பெனி அதிகாரி தினகரனைப் பற்றி (போட்டோ எடுத்தவர் அல்ல, பிறகு ஆஸ்பத்திரியில் எங்களை விசாரித்தவர்) எழுதிய இடம் வந்தது. நான் இப்படி எழுதியிருந்தேன்: ‘அடர்ந்த மீசையும், கண்ணில் கள்ளச் சிரிப்புமாக அவன்—’

“யாருக்கு மீச?” என்றாள். “அந்தாளு மொழுமொழுன்னு இருந்தாரு. வெயில்ல வந்தீங்களேன்னு அவரு பாட்டில் தண்ணிய எங்கிட்ட குடுத்தாரு. அத எழுது.”

“கெட்டவன் வேணுமில்ல, கதைக்கு?”

“கெட்டவனா இருந்தா நாலு வார்த்த திட்டிட்டு வந்திருக்க மாட்டனா நானு? அந்தப் பொண்ணும் நல்லவ. அவரும் நல்லவரு. அதான் கஷ்டமே.”

மீசையை எடுத்துவிட்டேன். எல்லாரும் நல்லவர்களாக இருந்துகொண்டே ஒருவனிடம் தப்பு என்று எழுதிக் கையெழுத்துக் கேட்க முடிகிறது. இதை எப்படிக் கதையாக்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

“உன்ன எப்டி எழுதிக்கீற?”

“அடுத்த பகுதியில வரேன்.”

“உனக்கு வேர்த்துச்சே, அத எழுது.”

ஆகவே அடுத்த பகுதியை அவள் கண்ணிலிருந்து எழுதுகிறேன். அதில் ‘நான்’ கிடையாது. கோபால் என்று ஒருவர் வருவார்.

6

ஆஸ்பத்திரி மாடியில் ஒரு அறை. ஒரு பக்கம் தினகரன், எதிரே தேவதர்ஷினி. நடுவில் மேசை நிறையக் கோப்புகள். ஓரத்தில் ஆதிநாராயணன், கோமளா, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நோட்டோடு கோபால். பூவரசன் வரவில்லை. அன்று அவன் பாடு. விட்டுவிட்டு வா என்று கோமளா கேட்கவும் இல்லை.

“இது உங்க எழுத்துங்களா?” என்றார் தினகரன்.

“என் எழுத்துதாங்க” என்றார் கோபால், கொஞ்சம் நிமிர்ந்து.

“பதினொன்னுக்கு நேரா?”

“பூவரசன்.”

“ஆதிநாராயணன்?”

“பன்னெண்டு.”

“விபத்து நடந்தது?”

“பதினொன்னு சாயங்காலங்க. ஆனா விளக்கு வெச்சாச்சு. விளக்கு வெச்சா பன்னெண்டு.”

“அது எங்க எழுதியிருக்கு?”

கோபால் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் அவரே எழுதியவை. தான் தூங்கும்போது வேறு யாராவது வந்து அந்த ஒரு வரியை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டார்களா என்பதுபோலப் புரட்டினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருபது கிலோ ஐஸ் பாளத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுகிற மனிதர், ஒரு நோட்டைத் தூக்க முடியாமல் குனிந்திருப்பதைக் கோமளா பார்த்தாள்.

“எழுதலைங்க.”

“ஏன்?”

“எல்லாருக்கும் தெரியுங்க.”

“எனக்குத் தெரியாதே” என்றார் தினகரன். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகத்தான் சொன்னார்.

“சார், முறை யாருதுங்கறதே நமக்கு வேணாம்” என்று தேவதர்ஷினி குறுக்கிட்டாள். “எங்க வாதம் அது இல்ல. தப்பாவே இருக்கட்டும், அப்பவும் இந்தப் பாலிசிப்படி—”

“தப்பாவே இருக்கட்டும்னு சொல்லாதம்மா” என்றாள் கோமளா.

சத்தமாகச் சொல்லவில்லை.

“இவர சேத்த அன்னிக்குக் கீழ கவுண்டர்ல ஒரு பொண்ணு எழுதினாளே, ஒரு பேப்பரு. அது கீதா?”

தேவதர்ஷினி கோப்பின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். நோயாளி பெயர், வயது, நேரம் ஏழு ஐம்பது. விரலை ஓட்டிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். “அழைத்து வந்தவர்… பூவரசன். கையெழுத்தும் இருக்கு.”

“ஊரு?”

“உங்க ஊருதான் போட்டிருக்கு.”

கோமளா தினகரன் பக்கம் திரும்பினாள். “பதினொன்னுக்கு நேரா கீறவன்தான் சார் அது. அவன் எடத்துல இவரு பூந்துட்டாருன்னு எழுதிக்கீறீங்க. ஏரில அடுத்தவன் பூந்தா இன்னா பண்ணுவான்னு எங்கூர்ல வந்து கேளுங்க. வலைய அறுத்து உடுவான். ஊரக் கூட்டுவான். தன் தலத்துண்ட அவுத்துக் கட்டி, தன் படகுல ஏத்தி, தன் காசுல ஆட்டோ வெச்சி, இங்க வந்து கையெழுத்தா போடுவான்?”

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை எதிலோ தட்டிக்கொண்டு ஓடியது. மூன்று மாதமாக இரண்டு பக்கமும் எழுதிக்கொண்ட கடிதங்களுக்கு அடியிலேயே அந்தத் தாள் இருந்திருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

“சரிம்மா” என்றார் தினகரன் மெதுவாக. “அவர் அந்த நேரத்துல அங்க ஏன் இருந்தார்?”

அதுவரை பேசாத ஆதிநாராயணன் சொன்னான்: “கழி குடுக்க, சார்.”

“என்ன கழி?”

“அவன் பாடு முடிஞ்சிது. என் பாடு ஆரம்பிக்குது. கடைசிக் கழிய நான் புடுங்கி அவன் கைல குடுக்கணும். குடுக்கறப்பதான் காத்து தள்ளிச்சி.” கட்டுக் கையைத் தூக்கினான். “மாட்டிக்கிட்ட அப்பாலயும் இந்தக் கைல கழி இருந்திச்சி சார். உடல நானு.”

“கை நசுங்கறப்ப ஏங்க விடல?”

ஆதிநாராயணன் இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பார்த்தான்.

“உட்டா பாடு மாறாதே.”

தினகரன் பேனாவை எடுத்தார். வெகுநேரம் எழுதினார். நடுவில் இரண்டு முறை, விளக்கு வைக்கிற நேரம் என்றால் எத்தனை மணி என்று கேட்டார். “வெளக்கு வெக்கற நேரம்தான் சார்” என்றாள் கோமளா. ஆறேகால் என்று எழுதி, அடித்துவிட்டு, ‘விளக்கு வைக்கும் நேரம்’ என்றே எழுதினார். “நான் எழுதி மேல அனுப்பறேன். முடிவு எடுக்கறது நான் இல்லம்மா” என்றார்.

எழும்போது கோமளா, அந்தக் கையெழுத்தில்லாத காகிதத்தை இடுப்பிலிருந்து எடுத்து, நான்காய் மடித்ததை நீவி, தேவதர்ஷினியிடம் கொடுத்தாள்.

“பின்பக்கம் வெள்ளையாதாம்மா கீது. எதுக்கனா ஆவும், வெச்சிக்க.”

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் முடிவு தெரியாமல் எப்படி விடுவது என்று மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. கம்பெனி பணத்தைக் கொடுக்கிறது. ஆபரேஷன் நடக்கிறது. ஆதிநாராயணன் இரண்டு விரலையும் மடக்கிக் கழியைப் பிடுங்கிப் பூவரசன் கையில் கொடுக்கிறான். கரையில் கோமளா நிற்கிறாள்.

கோமளா: “நா எதுக்குக் கரைல நிக்கறேன்? எனக்கு வேல இல்லியா?”

முடிவு இரண்டு. கம்பெனி மறுக்கிறது. ஆஸ்பத்திரியும் கம்பெனியும் பெரிய இடத்துக்குப் போய் இன்னும் இரண்டு வருஷம் கடிதம் எழுதிக்கொள்கின்றன. ஊர், கோயிலுக்கென்று ஒதுக்கிய பாட்டை இந்த வருஷம் ஆதிநாராயணனுக்குக் கொடுக்கிறது. அவன் சென்னையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறான்.

கோமளா: “நடக்கும். நடந்தா வாங்கிப்போம், அது எங்க ஊரு. ஆனா நீ எழுதியிருக்கற மாதிரி பாவமா நிக்க மாட்டோம். அந்த ‘கண்கலங்கி’ய எடு.”

எடுத்துவிட்டேன்.

முடிவு மூன்று. ‘ஒரு நாள் சாயங்காலம் தினகரன் யாருக்கும் சொல்லாமல் குப்பத்துக்கு வந்து, கரையில் நின்று, கழி கைமாறுவதைத் தன் கண்ணாலேயே—’

8

—பார்க்கவில்லை. அந்த வாக்கியத்தில் இருக்கும்போதுதான் கோமளா வந்தாள். கையில் ஒரு நீளக் கவர், மூலையில் வட்ட முத்திரை. மதியமே தபால்காரர் கொடுத்தாராம்.

“பிரிக்கலியா?”

“நீ மொதல்ல கதைய முடிச்சிடு அண்ணே. அப்பால பிரிக்கலாம்.”

“உள்ள இருக்கறதுதான முடிவு?”

“அது ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் முடிவு. கைக்கும் முடிவுதான், இல்லன்னு சொல்லல.” கவரின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினாள். “கதைல அத சேத்தா இன்னா ஆவும்? குடுத்தாங்கன்னா, குடுத்ததாலதான் அவரு ஒழுங்குன்னு ஆயிடும். குடுக்கலன்னா…”

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. இந்தக் கதையில் பாதியில் விட்ட வாக்கியங்களிலேயே சரியான இடத்தில் நின்றது இது ஒன்றுதான்.

நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தேன், அழகுக்காக. இப்போது அதில் எழுதிவிட்டேன்: ‘எங்கள் குப்பத்தில் ஒரு நாளின் பாடு, அதன் முதல்நாள் மாலை விளக்கு வைக்கும்போது தொடங்கும். கடைசிக் கழியை வருகிறவர் பிடுங்கி, போகிறவர் கையில் கொடுப்பார்.’ கீழே எல்லாத் தலைக்கட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பூவரசன் பெரிதாகப் போட்டிருக்கிறான். ஆதிநாராயணன் இடது கையால் போட்டிருக்கிறான். கோணல்தான். அது என் கையெழுத்தே இல்லை என்று இதற்கு மட்டும் அவன் சொல்லவில்லை.

இன்று யார் பாடு என்று நோட்டைப் பார்த்தேன். பார்க்கவே வேண்டாம், வெளியே குரல் கேட்டுவிட்டது.

“மச்சான், எழுதனது போதும் எழுந்துரு. பூவரசன் கழிய நட்டுட்டுக் காத்துனு கீறான்.”

ஆதிநாராயணனுக்கு இப்போதெல்லாம் வலது கை நான்தான். கடைசிக் கழியை மட்டும் அவன் யாரிடமும் விடுவதில்லை. இடது கையால், நேரம் எடுத்துக்கொண்டு, அவனே பிடுங்கிக் கொடுக்கிறான். அதுவரை இரண்டு படகையும் ஒன்றோடொன்று மோதாமல் நான் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன்.

கவரை நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். பொறுக்க முடியாதவர்கள் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம், நான் தடுக்கவில்லை. நல்லதாக இருந்தால் கோமளாவிடம் சொல்லுங்கள். கெட்டதாக இருந்தாலும் அவளிடமே சொல்லுங்கள், தாங்குவாள். ஆனால் இதுவரை எழுதியதில் ஒரு எழுத்தையும் அதைக் கொண்டு திருத்தாதீர்கள். கடிதத்தின் மேல் போட்டிருக்கும் தேதியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இங்கே கோமளா விளக்கு வைத்துவிட்டாள். எங்களுக்கு நாளை ஆகிவிட்டது.